பூவேலையும் பென்சிலும்

பூவேலை செய்த உடையொன்றின் பென்சில் சித்திரத்தைப் பார்ப்பவர்கள், ஓவியர் ஒரு தையலையும் விடவில்லை என்று வியப்பது வழக்கம். ஆனால் நுட்பம் இருப்பது எதை வரைவது, எதை வெறும் தாளாக விடுவது என்ற தேர்வில்தான். அந்தத் தேர்வுக்குக் கருவியே இடம் தருகிறது. பென்சிலின் கிராஃபைட் மெல்லிய அடுக்குகளால் ஆனது. உரசும்போது அவை வழுக்கிப் பிரிந்து தாளின் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அழுத்தினால் கருமை, கையைத் தளர்த்தினால் வெளிர்சாம்பல். போரால் பிரான்சுக்கு இங்கிலாந்தின் கிராஃபைட் கிடைக்காமல் போனபோது, அந்நாட்டின் கான்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணுடன் பிசைந்து சுட்டுப் பென்சில் முனை செய்யும் முறைக்கு 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும். குறைந்தால் மென்மையும் கருமையும் கூடும்.

இந்தக் கருவியின் வீச்சை பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரிடம் (1780–1867) காணலாம். 1815இல் நெப்போலியன் வீழ்ந்ததும் ரோமில் பிரெஞ்சு அதிகாரிகளின் ஆதரவை இழந்த அவர், அங்கு வந்த ஆங்கிலேயப் பயணிகளைப் பென்சிலால் வரைந்து பிழைத்தார். அப்படங்களில் முகத்துக்கு மென்மையான நிழல் உண்டு. உடைக்குப் பெரும்பாலும் விரைந்த கோடுகளே. ஆனாலும் துணி துணியாகவே தெரிகிறது. மடிப்பின் விளிம்பில் கோடு அழுந்தி, ஒளி விழும் இடத்தில் மறைகிறது. விட்டதைக் கண் நிரப்பிக்கொள்கிறது.

நிறமில்லாமல் பூவேலைக்கு என்ன அழகு என்று கேட்கலாம். நிறத்தைப் பென்சில் காட்டாதுதான். ஆனால் துணியின் கனம், தையலின் புடைப்பு, மடிப்பின் போக்கு ஆகியவை நிழலில் தெரிபவை. விடுவது சோம்பல் அல்லவா என்பது இன்னொரு கேள்வி. தையற்காரருக்கோ அருங்காட்சியகப் பதிவுக்கோ வரைந்தால் ஒரு பூவும் விடுபடக் கூடாது. அங்கே முழுமையே கடமை. உடுத்திய உடையில் நிலைமை வேறு. கரையின் மாங்காய் வடிவம் மடிப்புக்குள் போகும்போது ஒடுங்க வேண்டும், பாதி மறைய வேண்டும். எல்லா மாங்காயும் ஒரே அளவில் முழுதாக இருந்தால், உழைப்பு எவ்வளவு இருந்தாலும், அது உடல்மேல் கிடக்கும் துணியாகாது, தட்டையாக ஒட்டிய அச்சாகும். ஆகவே இத்தகைய படத்தை மதிப்பிட விரும்புபவர் பூக்களை எண்ணுவதைவிட, அவை மடிப்பில் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதே மேல்.