ரேடியோ கரகரத்தால் மழை

மழை வரும் என்று எங்கள் வீட்டில் முதலில் சொல்வது ரேடியோதான். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். கோடையில் சாயங்காலம் இலங்கை வானொலியில் பாட்டு போய்க்கொண்டிருக்கும். நடுவில் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு கரகரப்பு. வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. தாத்தா மட்டும், "எங்கேயோ வெட்டுதுடா, மாட்டைப் புடிச்சுக் கட்டு" என்பார். கொஞ்ச நேரத்தில் மேற்கே இருட்டிக்கொண்டு வரும்.

மின்னல் வெட்டும்போது வெளிச்சத்தோடு ரேடியோ அலைகளும் கிளம்புகின்றன. மீடியம் வேவ் பெட்டி அதைப் பாட்டோடு சேர்த்து அப்படியே வாங்கிக்கொள்ளும். பின்னால் வந்த எஃப்எம்மில் பாட்டு துல்லியமாகக் கேட்டது. மழைச் சேதி நின்றுபோனது.

கரகரப்பு கேட்டதும் வீடே வேலையில் இறங்கும். வடகம் காயும் பாயைச் சுருட்ட வேண்டும், முற்றத்தில் தண்ணீர் விழும் இடத்தில் அண்டா வைக்க வேண்டும், டிவி வந்த பிறகு ஆன்டெனா ஒயரையும் பிடுங்கிப் போட வேண்டும். இலங்கையின் ரூபவாகினி டிவி தெளிவாகத் தெரிய வேண்டுமென்று எங்கள் பக்கத்தில் குழாய்க்கு மேல் குழாய் சேர்த்து ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மின்னலை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோல்தான்.

முதல் இடிக்கே அப்பாயி "அர்ஜுனா, அர்ஜுனா" என்று ஆரம்பித்துவிடுவார். நிதானமாகச் சொன்னால் ஒரு தடவைக்கு ஒரு வினாடி ஆகும். பளிச்சென்று வெட்டியதற்கும் இடி உருண்டதற்கும் நடுவில் மூன்று அர்ஜுனா வந்தால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி. அப்பாயி பக்தியாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒலியின் வேகம் படித்த பிறகு நாங்கள் அதையே கணக்காக எண்ணினோம். அரிவாளை எடுத்து வாசலில் போடுவாரே, அதில் பயன் ஏதும் இல்லை. ஆனால் "புளியமரத்தடியில நிக்காதே, கெணத்தடிக்குப் போகாதே" என்றது நூற்றுக்கு நூறு சரி.

இன்று அந்த ஊரில் முற்றம் வைத்த வீடு தேடினால்தான் கிடைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனபிறகு, பல தெருக்களில் ஆக உயரமாக நிற்பது செல்போன் கோபுரம்தான். அதன் உச்சியில் இடிதாங்கி இருக்கிறது. இடி இடித்தால் இப்போது பிடுங்குவது வைஃபை பெட்டியின் பிளக்கை. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருப்பதால் யாரும் திண்ணைக்கு வருவதில்லை. திண்ணையும் இல்லை என்பது வேறு.

முன்னறிவிப்பு மட்டும் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கிறது. அதன் பின்னால் இருப்பவை நாடெங்கும் நிறுவப்பட்ட உணர்கருவிகள். அவை பிடிப்பதும் மின்னல் அனுப்பும் அதே ரேடியோ அலைகளைத்தான். தாத்தாவின் பெட்டி 'எங்கேயோ' என்று சொன்னது. இவை இடத்தையும் சொல்கின்றன.

இருந்தும் இந்தியாவில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். பெரும்பாலோர் வயலில் நிற்பவர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள். நடவு நடுகிற பெண்ணின் போன் சேற்றுக்குள் வராது. சாப்பாட்டுத் தூக்கோடு பைக்குள், வரப்போர மரத்தடியில் கிடக்கும். எச்சரிக்கை அங்கேதான் போய் அடிக்கும். சத்தம் கேட்டு எடுக்க ஓடினாலும் மரத்தடிக்குத்தான் ஓட வேண்டும். கோயில் ஒலிபெருக்கி எங்கள் ஊரில் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். மார்கழியில் விடியுமுன் பாட்டுப் போடுகிறவர்கள், ஐப்பசியில் அந்த எச்சரிக்கையையும் அதில் வாசித்துவிட்டால் செலவு ஒன்றுமில்லை.