எச்சரிக்கை சேர வேண்டிய இடம்

தலைநகரில் குளிர்காலம் பிறந்துவிட்டால் மாலை ஐந்தரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. பள்ளி விட்டு, டியூஷனும் முடித்துப் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் தெருக்களில் இருள் கவிந்திருக்கிறது. ராமகிருஷ்ணபுரத்திலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் வாழும் நம் தாய்மார்கள் பலர் அந்த ஒரு மணி நேரத்தை வாசலைப் பார்த்த கண்ணோடுதான் கழிக்கிறார்கள். அப்பொழுது கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுகிறது. “மோட்டார் சைக்கிளில் இருவர் சுற்றுகிறார்கள். பள்ளிக் குழந்தைகளை மிரட்டிப் பணத்தையும் கைபேசியையும் பறிக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிவியுங்கள்.” எந்தத் தெரு, எந்த நாள், கண்டவர் யார் என்பவை எவையும் அதில் இரா. படித்த தாய் திடுக்கிடுகிறாள். உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறாள். தன் கடமை முடிந்ததென்று சற்றே ஆறுதல் அடைகிறாள்.

இத்தகைய செய்தியால் ஒரு குழந்தையேனும் காப்பாற்றப்படுகிறதா? இதனை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் கூற வரவில்லை. தெருவில் பொருளைப் பறிப்பது இந்நகருக்குப் பழகிப்போன குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதனைத் தனிக் குற்றமாகவே வகுத்திருக்கிறது. அதன் 304 ஆம் பிரிவு, திடீரென்றோ வலிந்தோ பொருளைப் பறித்துச் செல்பவனுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. காயப்படுத்தியோ அச்சுறுத்தியோ பறித்தால் அது வழிப்பறிக் கொள்ளையாகும். 309 ஆம் பிரிவின்படி தண்டனை பத்தாண்டு வரை உயரக்கூடும்.

எச்சரிக்கை எப்பொழுது பயன் தருகிறது, எப்பொழுது வீணாகிறது என்பதற்குத் தில்லியிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. அது பறிப்பைவிடப் பன்மடங்கு கொடிய குற்றம். ஆயினும் நம் கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. 1978 ஆகஸ்டு 26 அன்று, கடற்படை அதிகாரி ஒருவரின் மக்களாகிய கீதாவும் சஞ்சயும் பார்லிமெண்டு வீதியிலுள்ள வானொலி நிலையத்தில் இளைஞர் நிகழ்ச்சியில் பங்கு கொள்ளப் புறப்பட்டார்கள். அக்காளுக்கு வயது 16, தம்பிக்கு 14. வழியில் ஏறிய காரிலேயே இரு கொடியவர்கள் அவர்களைக் கடத்திச் சென்றனர். ஓடும் காருக்குள் அவர்கள் போராடுவதைச் சாலையில் சென்றவர்கள் கண்டார்கள். ஒருவர் காரைப் பின்தொடர்ந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கே சென்று தெரிவித்தார். ஆனால் சம்பவம் யாருடைய எல்லைக்கு உட்பட்டது என்ற பேச்சில் பொன்னான நேரம் கழிந்தது. பின்னர் ரிட்ஜ் காட்டில் அவ்விரு இளந்தளிர்களின் உடல்களே கிடைத்தன.

அதே வழக்கின் முடிவையும் பாருங்கள். குற்றவாளிகளின் படங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. சில நாட்களில் அவ்விருவரும் ஆக்ராவில் ரயிலேறியபோது, தெரியாமல் படைவீரர்களின் பெட்டிக்குள் நுழைந்துவிட்டனர். அங்கிருந்த வீரர் ஒருவர் படத்தைக் கொண்டு அவர்களை அடையாளம் கண்டார். தில்லியில் அவர்கள் பிடிபட்டனர்; 1982 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். அந்தக் குழந்தைகளின் பெயரால் வீரச் சிறுவர்களுக்கு விருதுகள் நிறுவப்பட்டன. முதலில் சொன்னதும் தெளிவான செய்திதான், கேட்டவர் செயற்படவில்லை. பின்னர் வந்ததும் தெளிவான செய்தி, கண்டவர் செயற்பட்டார். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

இனித் தெளிவற்ற செய்தியின் கதையைப் பார்ப்போம். 2001 மே மாதத்தில் கிழக்குத் தில்லியில் குரங்கு மனிதன் ஒருவன் இரவில் மக்களைப் பிராண்டுகிறான் என்ற பேச்சு எழுந்தது. மின்சாரம் நின்றுபோகும் கோடை இரவுகளில் மொட்டை மாடியில் உறங்கியவர்கள் அலறி எழுந்தார்கள். பயந்து ஓடி மாடியிலிருந்து விழுந்து மாண்டவர்களும் உண்டு. போலீசார் 50,000 ரூபாய் பரிசு அறிவித்தும் அப்படி ஒருவனும் அகப்படவில்லை.

நம் தமிழகத்தில் நடந்தது இதனினும் வேதனையானது. குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் வந்திருக்கிறது என்ற வதந்தி 2018 இல் வாட்ஸ்அப் மூலம் ஊர் ஊராகப் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில், குலதெய்வத்தை வழிபட உறவினருடன் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற முதிய பெண்மணி ஒருவர், போளூர் அருகே வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதனைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. உடன் சென்றவர்களும் படுகாயமுற்றனர். நாட்டின் வேறு பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின்னரே, ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டியது. அந்த வதந்தியை அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெற்றோர்களே அல்லவா? குழந்தைகளிடம் கொண்ட அன்பினால்தான் அனுப்பினார்கள்.

ஆதலால், அனுப்புமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. எங்கே நடந்தது? என்று, எத்தனை மணிக்கு? எவ்வகையில்? நேரில் அறிந்தவர் யார்? காவல் துறைக்குச் சொல்லியாயிற்றா? இவற்றுக்கு விடை இல்லையேல் அச்செய்தியை நம்மோடு நிறுத்திவிடுவதே நன்று. விடை உண்டெனில், அதைப் படிப்பவர் செய்யத்தக்க காரியம் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். “சந்தைக்குப் பின்னாலுள்ள சந்தில் மூன்றாவது விளக்கு எரியவில்லை, செவ்வாய் மாலை ஆறரை மணிக்கு அங்கே ஒரு மாணவனிடம் பறித்தார்கள், பிள்ளைகள் பெரிய சாலை வழியே வரட்டும்” என்னும் செய்தியால் பாதை மாறும், நாலு பேர் சேர்ந்து முறையிட்டால் விளக்கும் எரியும். ஆளைப் பற்றிய வதந்தி ஐயத்தை வளர்க்கிறது; இடத்தைப் பற்றிய தகவல் அவ்விடத்தைத் திருத்த உதவுகிறது. தில்லியில் 2013 இல் அறிமுகமான சேஃப்டிபின் என்னும் செயலி, வெளிச்சம், ஆள் நடமாட்டம், நடைபாதை முதலியவற்றைக் கொண்டு தெருக்களை மதிப்பிடுவதும் இக்கருத்தைப் பற்றியே.

புலம்பெயர்ந்து வந்த நமக்கு மற்றொரு குறையும் உண்டு. நம் எச்சரிக்கைகள் தமிழில் எழுதப்பட்டு, தமிழ்க் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆனால் நம் பிள்ளை வரும் வழியில் நிற்பவர்கள் யார்? காலனி வாயிற் காவலர், இஸ்திரி போடும் தோபி, காய்கறி வண்டிக்காரர், ரிக்ஷா ஓட்டுபவர். நம் செய்தி அவர்கள் காதில் விழுவதே இல்லை. இந்தி சரளமாக வராது என்ற கூச்சத்தால் பல தாய்மார்கள் அவர்களிடம் இரண்டு சொல் பேசுவதில்லை. இலக்கணப் பிழையோடு பேசினாலும், “பையா, என் பிள்ளை இந்த வழியாகத்தான் வருவான், சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒருமுறை சொல்லி வைப்பது நூறு தமிழ்ச் செய்திகளைவிடப் பயன் தரும்.

ஜப்பானில் காவல் துறையை அழைக்கும் எண் 110. அங்கே பல வீடுகளிலும் கடைகளிலும் ‘குழந்தைகளின் 110 இல்லம்’ என்ற அடையாளத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அச்சமுற்ற குழந்தை எதுவானாலும் அங்கே ஓடி நுழையலாம். நம் காலனிகளிலும் மருந்துக் கடை ஒன்று, தமிழ்க் குடும்பம் ஒன்று, பால் சாவடி ஒன்று என மூன்று இடங்களைத் தேர்ந்து, பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டி வைப்பதற்கு யார் தடை?

சட்டம் தரும் உதவிகளையும் அறிந்திருக்க வேண்டும். அவசர எண் 112. குழந்தைகளுக்கென்றே உள்ளது 1098. எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்று இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173 ஆம் பிரிவு கூறுகிறது. 1978 இல் நேர்ந்த தாமதத்துக்கு இன்று இடமில்லை. முதல் தகவல் அறிக்கையின் பிரதி இலவசமாகவே கிடைக்கும். 15 வயதுக்கு உட்பட்ட சிறுவனையும் எவ்வயதுப் பெண்ணையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த இயலாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பறிக்கப்பட்ட கைபேசியைத் “தொலைந்தது” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தொலைந்த பொருளுக்குக் குற்றவாளி இல்லை. அந்தத் தெருவில் குற்றம் நடந்ததாகக் கணக்கும் இராது. கைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணை இன்றே குறித்து வையுங்கள். புகாரின் பிரதியுடன் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் அக்கருவியை முடக்கிவிடலாம்.

இறுதியாக, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனுடைய தாய் எச்சரிக்கைகளைத் தவறாமல் பிறருக்கு அனுப்புபவர். மூன்று வாரங்களாகப் பக்கத்துச் சந்தில் இரு பெரிய பையன்கள் அவனை மறித்து, கையிலிருந்த காசைப் பறித்து வந்தார்கள். அவன் வீட்டில் மூச்சு விடவில்லை. உண்மை வெளிப்பட்ட அன்று, “ஏனடா சொல்லவில்லை?” என்று தாய் அழுதாள். “மோட்டார் சைக்கிளில் வருபவர்கள்தானே திருடர்கள் என்று சொன்னீர்கள், அம்மா! இவர்கள் நடந்து வந்தார்கள். காசைத் தொலைத்ததற்கு அப்பா அடிப்பார் என்று பயந்தேன்” என்றான் அவன்.

ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன வீட்டுக்குள் பிள்ளையின் செய்தி நுழைய வழி இல்லாமற் போயிற்று. பொருள் போனால் போகட்டும், எதிர்த்து நிற்காமல் ஓடி வா, வந்து எங்களிடம் சொல், உன்னைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்று இன்றிரவு உணவு வேளையில் நம் குழந்தைகளிடம் சொல்லுவோமாக. அதன் பின் அவர்கள் சொல்வதைக் கேட்டு, கேட்டதை உரிய இடத்தில் உரைப்போமாக.