சிற்றலையும் கேட்கும் கையடக்க ஸ்கேனர்

பல அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து சோதித்து, பேச்சு எழும் இடத்தில் தானாக நின்று ஒலிக்கும் வாங்கியே ஸ்கேனர் ரேடியோ எனப்படுகிறது. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ளும் பட்டை, அதற்கும் மேலே, பொழுதுபோக்காக வானொலி வழியே உரையாடும் ஹாம் அன்பர்களும் கப்பல்களும் பயன்படுத்தும் பட்டைகள் ஆகியவையே அதன் இயல்பான களம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலை, பூமிக்கு மேலுள்ள அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருவதால், அதைக் கேட்பதற்கான தேவைகள் பெரிதும் வேறானவை. இரண்டையும் ஒரே கருவியில் எதிர்பார்ப்பவர், பெட்டியின் மேல் அச்சிட்ட அதிர்வெண் எல்லையை மட்டும் நம்பி வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

ஐகாம் நிறுவனத்தின் ஐசி-ஆர்6 இதற்குத் தெளிவான சான்று. உள்ளங்கைக்குள் அடங்கி, இரண்டு பென்சில் பேட்டரிகளில் இயங்கும் இந்தக் கருவி 0.1 முதல் 1309.995 மெகாஹெர்ட்ஸ் வரை வாங்குவதால் சிற்றலை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ஏஎம், எஃப்எம் ஆகிய முறைகளை மட்டுமே அறிந்த அதற்கு ஒற்றைப் பக்கப்பட்டை எனப்படும் எஸ்எஸ்பி முறை தெரியாது. ஏஎம் ஒலிபரப்பில் ஒரு சுமப்பலையும், அதன் இருபுறமும் ஒரே செய்தியைத் தாங்கிய இரு பக்கப்பட்டைகளும் செல்கின்றன. எஸ்எஸ்பியில் ஒரு பக்கப்பட்டை மட்டுமே அனுப்பப்படுவதால் ஆற்றல் மிச்சமாகிறது, விட்டுப்போன சுமப்பலையை வாங்கியே உருவாக்கிச் சேர்க்க வேண்டியதாகிறது. அந்த வசதி இல்லாத கருவியில் மனிதக் குரல் வாத்தின் கத்தலாகவே கேட்கும். சிற்றலையில் ஹாம் அன்பர்களின் உரையாடலும், பெருங்கடலைக் கடக்கும் விமானங்களின் பேச்சும், அயர்லாந்தின் ஷானன் நிலையம் 5505 கிலோஹெர்ட்ஸில் வாசிக்கும் விமான நிலைய வானிலை அறிக்கையும் இம்முறையிலேயே வருவதால், இதை இழப்பது சிற்றலையின் பாதியை இழப்பதற்கு ஒப்பாகும். ஐகாமின் ஐசி-ஆர்30, ஏஓஆரின் பழைய ஏஆர்8200 போன்றவை எஸ்எஸ்பியை வாங்கும். விலையும் அதற்கேற்ப உயர்வு.

அடுத்தது, வேண்டிய நிலையத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டியின் அகலம். சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்பவை. விமானப் பேச்சுக்கென அகலமாக அமைந்த வடிகட்டியில் பக்கத்து நிலையமும் சேர்ந்தே ஒலிக்கும்.

ஆண்டெனாவோ இன்னும் பெரிய சிக்கல். விமானப் பட்டையில் கால் அலைநீளம் சுமார் 60 சென்டிமீட்டர் என்பதால் கருவியோடு வரும் ரப்பர் ஆண்டெனா ஓரளவு ஈடுகொடுக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸிலோ அதே கால் பங்கு 10 மீட்டரைத் தாண்டுகிறது. நீளமான கம்பியை இணைத்தால் குறை தீரும் என்று தோன்றினாலும், வலிமையான நிலையங்கள் ஒருசேர உட்புகுந்து சிறு கருவியின் முன்சுற்றைத் திணறடிக்க, நிலையமே இல்லாத இடங்களில் போலிக் குரல்கள் எழுகின்றன.

ஆகவே, சிற்றலையே முதன்மை விருப்பம், விமானப் பேச்சு துணை விருப்பம் என்பவருக்கு ஸ்கேனரைவிட டெக்சன் பிஎல்-660, எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 போன்ற கையடக்க உலக வானொலிகளே பொருத்தம். எஸ்எஸ்பியும் விமானப் பட்டையும் அவற்றில் உண்டு, ஆயினும் அதற்கு மேலுள்ள பட்டைகள் எட்டா. ஸ்கேனரே வேண்டும் என்பவர், இரவில் நிலையங்கள் நெரிசலாக இருக்கும் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பட்டையில் சில மீட்டர் கம்பியை இணைத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லது. குறிப்பலையைத் தணிக்கும் அட்டெனுவேட்டரை இயக்கியதும் இரைச்சல் விலகிக் குரல் தெளிந்தால், அக்கருவிக்கு அதைவிட நீளமான கம்பி ஆகாது.