எதிரிக்கு அறிவிப்பின்றி வழக்கு மாற்றம்: செங்கல்பட்டு அமர்வு நீதிமன்ற வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

குற்றவழக்கு ஒன்றை ஒரு நீதிமன்றத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, எதிரி எனப்படும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டி அறிவிப்புத் தரவேண்டும் என்று நடைமுறைச் சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. எதிரியே மாற்றம் கோரினால் அரசு வழக்கறிஞருக்கு அறிவிப்புத் தரவேண்டும் என்று மட்டும் அது விதிக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை நீதிமன்றத் தீர்ப்புகள் எவ்வாறு நிரவியுள்ளன என்பதைச் செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றப்பட்ட சங்கரராமன் கொலைவழக்கின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வழக்கு மாற்றம், அறிவிப்பு, இயற்கை நீதி, அமர்வு நீதிமன்றம், செங்கல்பட்டு.

1. முன்னுரை

வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறது என்பது வெறும் இடப்பிரச்சினை அன்று. மாமல்லபுரம் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர் மீது வழக்குப் பதிவானால், திருக்கழுக்குன்றத்திலோ செங்கல்பட்டிலோ அவர் வாய்தாவுக்குச் சென்றுவர இயலும். வழக்கறிஞரும் பிணைதாரரும் அவ்வட்டாரத்திலேயே இருப்பர். வழக்கு தொலைவிலுள்ள நீதிமன்றத்துக்கு மாறினால் செலவு, வழக்கறிஞர், சாட்சிகளின் வருகை ஆகிய அனைத்தும் மாறுகின்றன. மாற்றம் நிகழ்ந்ததையே அவர் அறியாவிட்டால், புதிய நீதிமன்றத்தில் அவர் பெயர் அழைக்கப்படும் நாளில் வராமற்போவார், பிடியாணை பிறக்கும், பிணைப்பத்திரம் பறிமுதலாகும் நிலையும் வரும். எனவே அறிவிப்புப் பற்றிய கேள்வி தனிமனித விடுதலையோடு நேரடியாகத் தொடர்புடையது.

2. சட்டத்தின் சொல்லும் மௌனமும்

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழக்கு மாற்றம் பற்றிய முதன்மையான பிரிவுகள் 406 முதல் 412 வரை அமைந்திருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 446 முதல் 452 வரையுள்ள பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும், மாநிலத்துக்குள் மாற்றும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும், அமர்வுக் கோட்டத்துக்குள் மாற்றும் அதிகாரம் அமர்வு நீதிபதிக்கும் உரியவை.

உயர் நீதிமன்றத்தில் மாற்றம் கோரும் எதிரி, காரணங்களின் நகலோடு அரசு வழக்கறிஞருக்கு எழுத்துமூல அறிவிப்புத் தரவேண்டும். அறிவிப்புக்கும் விசாரணைக்கும் இடையே குறைந்தது 24 மணிநேரம் கழியாமல் மனுவின் தகுதி குறித்து ஆணை பிறப்பிக்கக் கூடாது என்பது பழைய சட்டத்தின் பிரிவு 407(5). அமர்வு நீதிபதியிடம் அளிக்கும் மனுவுக்கும் இது பொருந்தும். ஆனால் அரசுத் தரப்போ புகார்தாரரோ மாற்றம் கோரும்போது எதிரிக்கு இத்தகைய அறிவிப்புத் தரவேண்டும் எனும் இணையான வாசகம் அங்கு இல்லை. மேலும், மனுவுக்கு ஆதரவாக உறுதிமொழி ஆவணம் வேண்டும் என்ற விதியிலிருந்தும் மாநிலத் தலைமை வழக்கறிஞர் விலக்குப் பெறுகிறார். புதிய சட்டமும் இவ்வமைப்பை மாற்றாமல் ஏற்றுக்கொண்டுள்ளது.

அமர்வு நீதிபதியோ குற்றவியல் நடுவரோ வழக்கை மாற்றும்போது காரணங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்று பழைய பிரிவு 412 (புதிய 452) விதிக்கிறது. எனினும், ஆணைக்குப்பின் படிக்கக் கிடைக்கும் காரணம், ஆணைக்குமுன் பேசக் கிடைக்கும் வாய்ப்புக்கு ஈடாகாது.

3. செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் வளாகத்தில் கொலைசெய்யப்பட்டார். அவ்வழக்கில் காஞ்சி மடாதிபதி செயேந்திர சரசுவதி 2004 நவம்பர் 11 அன்று கைதானார். 2005 சனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முதன்மை அமர்வு நீதிமன்றம் செங்கல்பட்டில் இயங்கியதால் வழக்கும் அங்கேயே இருந்தது. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடவாது என்று எதிரித் தரப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. உடன் குற்றம் சாட்டப்பட்டோர் சிலர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டமை, மடத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டமை, எதிரித் தரப்பு வழக்கறிஞர் மீதே வழக்குப் போடப்பட்டமை ஆகியன எடுத்துரைக்கப்பட்டன. மாநில அரசு இதனை எதிர்த்து வாதிட்டது. இரு தரப்பையும் கேட்டபின் 2005 அக்டோபர் 26 அன்று வழக்கு புதுச்சேரி முதன்மை அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சாட்சிகள் தமிழ் பேசுவோர் என்பது புதுச்சேரியைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம்.

இம்மாற்றத்தின் விளைவுகள் நம் ஆய்வுக்கு முக்கியமானவை. முதலாவதாக, வழக்கை நடத்தும் அரசே மாறியது. மாற்றத்துக்குப்பின் அரசு வழக்கறிஞரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்ற சிக்கல் மீண்டும் உச்ச நீதிமன்றம் வரை சென்றது; அவ்வுரிமை புதுச்சேரி அரசுக்கே உரியது என 2008இல் தெளிவாக்கப்பட்டது. இரண்டாவதாக, மாற்றம் வழக்கில் தொடர்புடைய 24 எதிரிகளையும் பாதித்தது. ஒருவர் கோரும் மாற்றம் மற்றவர் அனைவரையும் புதிய ஊருக்குச் செலுத்துவதால், அறிவிப்பு மனுதாரருக்கும் அரசுக்கும் இடைப்பட்டதாக மட்டும் நின்றுவிட முடியாது. மூன்றாவதாக, சாட்சிகளும் அங்கே பயணப்பட்டனர். விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளுள் 83 பேர் பிறழ்சாட்சிகளாயினர். 2013 நவம்பர் 27 அன்று எதிரிகள் அனைவரும் விடுதலை செய்யப்பட்டனர்.

இங்கே மாற்றம் கோரியவர் எதிரி, கேட்கப்பட்டது அரசு. இதன் மறுபக்கத்தை 2003இல் காணலாம். முதலமைச்சராயிருந்த செயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கைச் சென்னையிலிருந்து மாற்றக் கோரியவர் தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன். அவ்வழக்கில் எதிரி எதிர்மனுதாரராகச் சேர்க்கப்பட்டுக் கேட்கப்பட்டபின்னரே 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாறியது. யார் கோரினாலும் மறுதரப்பு கேட்கப்படவேண்டும் என்பதே இவ்விரு மாற்றங்களிலும் பின்பற்றப்பட்ட நெறி.

4. கேளாமல் மாற்றியபோது

இந்நெறி மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்துலே வழக்கு சான்றாகும். மகாராட்டிர முன்னாள் முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே மீதான ஊழல் வழக்குகள் தனி நீதிபதியின் முன் இருந்தன. வேறொரு சட்டப் பிரச்சினை பற்றிய மேல்முறையீட்டை முடிக்கும்போது, 1984 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, யாரும் கோராமலேயே அவற்றைப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. எதிரியின் கருத்து கேட்கப்படவில்லை. 1988 ஏப்ரல் 29 அன்று எழுவர் அமர்வு பெரும்பான்மையாக அவ்வாணையை நீக்கியது. தனி நீதிபதி மட்டுமே விசாரிக்கவேண்டிய வழக்கை மாற்ற அதிகாரமில்லை. உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையை எதிரி இழந்தார். அவரைக் கேளாமல் அவருக்குப் பாதகமாக ஆணையிட்டது இயற்கை நீதிக்கு மாறானது என்பன அதன் காரணங்கள். விரைந்த விசாரணை எனும் நன்னோக்கமும் இக்குறையை ஈடுசெய்யவில்லை. அந்தத் திருத்தத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாயின.

5. நிர்வாக மாற்றமும் நீதிமுறை மாற்றமும்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்விசாரணை வேண்டும் என்று கொள்வது நடைமுறைக்கு ஒவ்வாது. புதிய நீதிமன்றம் தொடங்கும்போதும் பணிச்சுமையைப் பகிரும்போதும் நூற்றுக்கணக்கான கோப்புகள் நகரும். கூடுதல் அமர்வு நீதிபதியிடம் ஒப்படைத்த வழக்கை, விசாரணை தொடங்குமுன் அமர்வு நீதிபதி திரும்பப் பெறலாம் என்று பழைய பிரிவு 409 (புதிய 449) கூறுகிறது. ரண்பீர் யாதவ் எதிர் பீகார் மாநிலம் (1995) வழக்கில், நிர்வாகத் தேவைக்காக மட்டும் நிகழ்ந்து, தரப்பினரின் உரிமையைப் பாதிக்காத மாற்றத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கு எதிரிகள் உரிய காலத்தில் மறுப்புத் தெரிவிக்காததும் கருதப்பட்டது. ஆனால் மாற்றம் நடந்ததை அறியாதவர் மறுப்புத் தெரிவிப்பது எங்ஙனம் என்ற வினா எஞ்சுகிறது.

எனவே அறிவிப்பை இரண்டாகப் பகுத்துக் காண்பது பொருத்தம். ஒன்று, ஆணைக்குமுன் கருத்துக்கேட்கும் அறிவிப்பு. நீதியின் பொருட்டு என்ற காரணத்தால் மாற்றும்போதும், விசாரணை தொடங்கிய பின்னரும், தொலைவு, மொழி, வழக்கு நடத்தும் அரசு, மேல்முறையீட்டு உரிமை ஆகியவற்றுள் ஏதேனும் மாறும்போதும் இது இன்றியமையாதது. மற்றொன்று, ஆணைக்குப்பின் புதிய நீதிமன்றத்தையும் வாய்தா நாளையும் தெரிவிக்கும் அறிவிப்பு. இது நிர்வாக மாற்றத்திலும் விலக்க இயலாதது. இதற்கான அடிப்படை பிணைப்பத்திரத்திலேயே உள்ளது. பத்திரத்தில் குறித்த இடத்திலும் நேரத்திலும் வருவதாகவே எதிரி உறுதியளிக்கிறார். வேறு நீதிமன்றத்தில் அழைக்கப்படும்போது வரவேண்டும் என்று கட்டுப்படுத்தவும் பழைய பிரிவு 441 (புதிய 485) இடந்தருகிறது. ஆக, அழைப்பு என்பது சட்டமே முன்கொண்டுள்ள ஒன்று. அழைக்காமல் வராமையைக் குற்றமாக்குவது பத்திரத்தின் வாசகத்துக்கே முரணாகும்.

6. முடிவுரை

முன் அறிவிப்பின் தேவையை உறுதிப்படுத்தும் மற்றொரு காரணமும் உண்டு. தவறான இடத்தில் விசாரணை நடந்தது என்பதால் மட்டும் தீர்ப்பு நீங்காது. நீதி பிறழ்ந்தது என்று காட்டவேண்டும் என்பது பழைய பிரிவு 462 (புதிய 508). ஆகவே ஆணைக்குமுன் எளிதாகச் சொல்லக்கூடிய மறுப்பு, தீர்ப்புக்குப்பின் பெருஞ்சுமையாக மாறுகிறது. செயேந்திரர், செயலலிதா, அந்துலே ஆகியோரால் உச்ச நீதிமன்றத்தில் வாதிட முடிந்தது. அந்துலேக்கு இழைக்கப்பட்ட தவறு திருத்தவும் பட்டது. கடற்கரைச் சிற்றூரில் பிணையில் இருக்கும் எளிய எதிரிக்கு அவ்வழி எட்டாதது. அவருக்கு எட்டக்கூடிய ஒரே பாதுகாப்பு முன் அறிவிப்பே. எதிரி மாற்றம் கோரும்போது அரசுக்கு உறுதிசெய்யப்பட்ட 24 மணிநேரம், அரசு கோரும்போது எதிரிக்கும் உறுதிசெய்யப்பட வேண்டும். நிர்வாக மாற்றங்களில், புதிய நீதிமன்றத்திலிருந்து எதிரிக்கு அறிவிப்புச் சார்வாகும் வரை பிடியாணை பிறப்பிக்கலாகாது. இவ்விரண்டையும் பிரிவு 447, 448 ஆகியவற்றில் வெளிப்படையாகச் சேர்ப்பது, தீர்ப்புகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நெறியைச் சட்டத்தின் சொல்லாக்குவதேயாகும்.