வாங்குவோர் கண்ணும் விற்போர் குறியும்

சந்தைக்குச் செல்வோர் எவரும் ஒவ்வொரு பொருளையும் சோதித்து வாங்குவதில்லை. அதற்கு நேரமும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே மனம் ஒரு குறுக்குவழியைக் கைக்கொள்கிறது. கனமான புடவை நல்ல பட்டு, மணல் மணலாக உறைவது நல்ல நெய், பலரும் வாங்குவது பழுதற்றது என்று சில அடையாளங்களைக் கொண்டே தரத்தைத் தீர்மானிக்கிறோம். இதை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. அனுபவம் தந்த சிக்கனம் இது. ஆயினும் அடையாளத்தையே தயாரிக்கக் கற்றுக்கொண்ட நிறுவனங்களுக்கு இச்சிக்கனமே வாயிலாக அமைகிறது.

வனஸ்பதியின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும். 1937-ஆம் ஆண்டில் டால்டா நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி உறையச் செய்த கொழுப்பு அது. நெய் வாங்க இயலாத குடும்பங்களை நாடி வந்த அப்பண்டம், நெய்யைப் போலவே மணல் மணலாக உறையுமாறு பக்குவப்படுத்தப்பட்டது. மரச் சின்னம் பொறித்த டப்பா விளம்பரங்களில் இடைவிடாது காட்டப்பட்டது. நாளடைவில், எக்கம்பெனியின் வனஸ்பதியையும் மக்கள் 'டால்டா' என்றே கேட்கலாயினர். ஒரு பெயர் பொருளின் பெயராகவே மாறிவிட்டால், தேர்வு செய்யும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதனால் விளைந்த கேடு யாது? வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்போர் தோன்றினர். கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. எனவே வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டுமென அரசாங்கம் விதித்தது. இரசாயனச் சோதனையில் நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டிக் கலப்படத்தை வெளிப்படுத்திவிடும். விளைபொருள்களைத் தரம் பிரித்து அக்மார்க் முத்திரையிட வழிசெய்த சட்டமும் அதே 1937-இல் இயற்றப்பட்டதே. தோற்றம் ஏமாற்றுமிடத்தில், சோதனைக்கு உட்பட்ட குறியே வாங்குவோரைக் காக்கிறது.

நெய்க்கு நேர்ந்ததே துணிக்கும் நேர்ந்தது. கைத்தறியின் கரையையும் கட்டத்தையும் விசைத்தறி அவ்வாறே நெய்து, குறைந்த விலைக்குக் கொணர்ந்தது. இதைத் தடுக்கவே சில ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றினர். 2006-இல் கைத்தறி முத்திரையும் ஏற்பட்டது.

அங்கத்தினர்கள் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பெருங்கம்பெனி தன் குறியை விளம்பரப் பணத்தால் நிலைநாட்டுகிறது. நமக்கு அப்பணம் இல்லை. நம் குறிக்குப் பின்னே நிற்பது நம் நாணயம் ஒன்றே. தீபாவளி நெருக்கடியில் விசைத்தறித் துணி நான்கு உருப்படிக்குக் கைத்தறி முத்திரையைத் தைத்தாலும், பழைய மிளகாயைப் புதிய மூட்டையில் சேர்த்தாலும், அன்றைய லாபம் ஒருவருக்கு. நட்டம் சங்கம் முழுமைக்கும். ஒருமுறை ஏமாந்தவர் அதன்பின் முத்திரையை நம்பார். விலையை மட்டுமே பார்ப்பார். விலைப் போட்டியில் கைத்தறி இயந்திரத்தை வெல்ல இயலாது.

ஆதலின் முத்திரை வைக்குமுன் சரக்கைச் சோதிப்போம். வாங்குவோரின் குறுக்குவழி நம் வாசலில் முடியும்போது, அங்கே அவர் மெய்யான பொருளையே காணட்டும்.