"புரிந்ததா?" என்ற கேள்விக்கு அப்பால்

பாடம் முடியும் நேரத்தில் "புரிந்ததா?" என்று கேட்கிறோம். "புரிஞ்சுது சார்", "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அந்தப் பதிலில் மரியாதை இருக்கிறது. மணி அடிக்கப்போகும் மகிழ்ச்சியும் இருக்கிறது. புரிதல் இருக்கிறதா என்பது மட்டும் அதிலிருந்து தெரிவதில்லை. புரியாத பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரங்களில் தெரியாது. தெரிந்தாலும் நாற்பது பேர் முன்னால் எழுந்து சொல்ல மனம் வராது.

நாம் சொல்வதற்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதற்கும் இடையே ஏன் இவ்வளவு தூரம்?

1948இல் அமெரிக்கக் கணிதவியலாளரும் பொறியியலாளருமான கிளாட் ஷானன் செய்தித் தொடர்புக்கு ஒரு மாதிரியை வெளியிட்டார். அனுப்புபவர், செய்தி செல்லும் வழி, பெறுபவர், இடையே குறுக்கிடும் இரைச்சல் என்ற அந்தப் படத்தை நம்மில் பலர் பி.எட். படிப்பில் வரைந்திருப்போம். அது தொலைபேசி, தந்தி போன்றவற்றை மனத்தில் கொண்டு உருவானது. செய்தியின் பொருள் பற்றிய கேள்வி தமது பொறியியல் கணக்கில் சேராது என்று ஷானனே ஒதுக்கிவிட்டார். வகுப்பறையிலோ பொருள்தான் எல்லாம். சாலை இரைச்சலை ஜன்னலைச் சாத்திக் குறைத்துவிடலாம். சொல்பவர் மனத்தில் இருப்பது கேட்பவர் மனத்தில் இல்லாதபோது எந்த ஜன்னலைச் சாத்துவது?

தட்டியவரும் கேட்டவரும்

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடலை மனத்துக்குள் பாடியபடி, அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாடல் என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்றே மூன்று.

தட்டுபவரின் காதில் பாட்டு முழுவதும் ஒலிக்கிறது. கேட்பவருக்கோ வெறும் 'டொக் டொக்' ஓசைதான். பத்து ஆண்டுகளாகப் பின்னம் நடத்தும் ஆசிரியரின் மனத்திலும் பாட்டு முழுவதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. குறுவளமையக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை விளையாடிப் பாருங்கள். நீண்ட விளக்கத்தைவிட இது நன்றாக உணர்த்தும்.

ஒரே சொல், மூன்று பாடவேளை

ஒரு மாணவி காலையில் கணக்குப் பாடத்தில் 'பகுதி' என்று கேட்கிறாள். அது பின்னத்தின் கீழ் எண். அடுத்துத் தமிழில் 'பகுதி' என்கிறோம். அது பகுபதத்தின் முதல் உறுப்பு. மதியம் சமூக அறிவியலில் 'பகுதி' என்றால் நிலப்பரப்பு. 'தொகுதி'யும் அப்படித்தான்: கணக்கில் மேல் எண், குடிமையியலில் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இடம். நமக்கு இவை தனித்தனிச் சொற்கள். அவளுக்கு ஒரே சொல். "கடன் வாங்கிக் கழிக்கணும்" என்றால், "எப்போ சார் திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்கும் பிள்ளையும் குறும்பு செய்யவில்லை. தனக்குத் தெரிந்த கடனை வைத்துத்தான் நம் சொல்லுக்குப் பொருள் காண்கிறது. புதிய சொல் வரும்போது, "இந்தச் சொல்லை வேறு எங்கே கேட்டிருக்கிறாய்?" என்று முதலில் கேட்டுவிடுவது என் வழக்கம். பாதிக் குழப்பம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

மூன்று நொடி

கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோவ் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதை 1970களில் எடுத்துக்காட்டினார். அதை மூன்று நொடியாகவோ அதற்கு மேலோ நீட்டியபோது பதில்கள் நீளமாயின. பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் கூடுதலாகப் பேசினார்கள். கேட்டதை மனத்தில் வாங்கி, தெரிந்ததோடு பொருத்தி, சொற்களைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். ஒரு நொடியில் கை தூக்குபவருக்கே வாய்ப்புக் கொடுத்துக்கொண்டிருந்தால், மற்றவர்களை மக்கு என்று நாமே முடிவு கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது.

நன்னூல் போட்ட கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் இதற்கு ஒரு கணக்கே தருகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகவே உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கு. கேட்பவர் தம் வாயால் திரும்பச் சொல்லும்போதே கருத்துப் பரிமாற்றம் முழுமை பெறுகிறது. அதனால் "புரிந்ததா?" என்பதற்குப் பதில், "நேற்று வராத உன் தோழிக்கு இதை எப்படிச் சொல்வாய்?" என்று கேட்கிறேன். அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாளோ, அந்த இடத்தை மறுபடி நடத்தினால் போதும்.

பெற்றோரிடமும் இதே முறை

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு பற்றி எங்கள் பள்ளியில் ஓர் அறிவிப்பு தயாரானது. அச்சடிக்கும் முன், பள்ளிக்கு வந்திருந்த ஒரு தாயிடம் படித்துக்காட்டி, "என்ன விளங்குச்சும்மா?" என்று கேட்டேன். "பரீட்சை எழுதணும்னா மாசம் ஆயிரம் ரூபா கட்டணும்னு சொல்றீங்க. எங்களால முடியாது சார். எம்பொண்ணு எழுத வேண்டாம்" என்றார். 'மாதம் ரூ.1,000 வீதம் தொகை' என்ற வரி அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. கொடுப்பது யார், பெறுவது யார் என்று அந்த வரியில் இல்லை. தொகை என்றாலே கட்டுவது என்பதுதான் அவருடைய அனுபவம்.

"தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கொடுக்கும்" என்று அந்த வரியை மாற்றினோம். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பத்தாம் வகுப்போடு நிற்பதா, மேலே படிப்பதா என்பதையே தீர்மானிக்கக்கூடிய தொகை அது. திருத்திய தாளை அந்தத் தாயிடம் மீண்டும் படித்துக்காட்டினோம். "அப்போ நீங்க குடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, மகளின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.

அடுத்த முறை அறிவிப்பு எழுதும்போது, அது யாருக்காகவோ அவர்களில் ஒருவரிடம் முதலில் படித்துக்காட்டுங்கள். அவர் திரும்பச் சொல்வதைக் கேட்டபின் அச்சுக்கு அனுப்புங்கள்.