நாய் அசிங்கம் உரமாகுமா? கொல்லையில் குழி வெட்டும் முன் கொஞ்சம் நில்லுங்க!

கீரைப் பாத்தியில் கொட்டினால் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து

சென்னையில் நாய் இல்லாத தெரு இல்லை. நாயால் சண்டை வராத தெருவும் இல்லை.

விடிந்ததும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறார் ஒருவர். பக்கத்து வீட்டு வாசலில் நாய் குந்தியதும் அவர் வானத்தைப் பார்க்கிறார். "ஏன் சார், உங்க நாய்க்கு என் வீட்டு வாசல்தான் கிடைச்சுதா?" என்று கதவு திறக்கிறது. அப்புறம் தெருவே கூடிவிடுகிறது!

இந்த வம்பே வேண்டாம் என்று சிலர் அசிங்கத்தை அள்ளி வந்து, சொந்த வீட்டுக் கொல்லையிலேயே மக்க வைத்து உரமாக்கப் பார்க்கிறார்கள். நல்ல எண்ணம்தான். பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் எறிவதைவிட இது எவ்வளவோ மேல். அந்தப் பையைப் பிரிக்கிற துப்புரவுத் தொழிலாளியும் மனிதர்தானே!

ஆனால், "மாட்டுச் சாணம் போடறோமே, அது மாதிரிதானே இதுவும்?" என்று கீரைப் பாத்தியில் கொட்டினால் வந்தது வினை. சாணம் வேறு, இது வேறு. நாயின் குடலில் குடியிருக்கும் புழுக்களில் சில, மனிதனையும் விடுவதில்லை.

பலே குற்றவாளி

இவற்றில் பலே கில்லாடி, டாக்சோகாரா என்ற உருளைப்புழு. இதன் கைவரிசை அம்பலமான விவரம் வருமாறு:-

அமெரிக்காவில் சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் கட்டி போலத் தெரிந்தது. புற்றுநோயாக இருக்கும் என்று பயந்த டாக்டர்கள், உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். 1950-ம் ஆண்டு ஹெலனர் வைல்டர் என்ற பெண் ஆராய்ச்சியாளர், அப்படிச் சேர்த்து வைத்திருந்த கண்களில் புற்றுநோய் இல்லாத 46 கண்களை மைக்ராஸ்கோப்பில் துருவிப் பார்த்தார். 24 கண்களில் புழுக்குஞ்சின் தடயம் சிக்கியது!

முதலில் சந்தேகம் கொக்கிப்புழு மேல் விழுந்தது. 1956-ல் சில கண்களை மறுபடி சோதித்தபோதுதான், அசல் ஆள் நாயின் உருளைப்புழு என்று பிடிபட்டது.

ஒரு பெண் புழு ஒரே நாளில் லட்சம் முட்டைக்கு மேல் இடும். முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. வந்தவுடனே அவை நோயைப் பரப்பாது. மண்ணில் கிடந்து குஞ்சு வளர இரண்டு முதல் நாலு வாரம் வேண்டும். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். "மழை வந்தா கரைஞ்சிடும்" என்பதெல்லாம் சும்மா. அசிங்கம் கரையும், முட்டை கரையாது.

மண்ணில் விளையாடிய குழந்தை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் முட்டை உள்ளே போய்விடும். சரியாகக் கழுவாத கீரையிலும் போகும். பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறது. சிலருக்கு ஈரல், நுரையீரல் என்று அலைகிறது. கண்ணில் போய் உட்கார்ந்தால் பார்வையே பறிபோகலாம்.

நாயின் கொக்கிப்புழு இன்னொரு ரகம். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து நுழைந்து, அடியிலேயே ஊர்ந்து, கோடு கோடாகச் சிவந்து அரிக்க வைக்கும்.

அலாஸ்கா வைத்தியம்

அப்படியானால் உரமே ஆகாதா? ஆகும். செய்து காட்டிய ஊர் இருக்கிறது.

அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்காவில் பனிவண்டி இழுக்க டஜன் கணக்கில் நாய் வளர்க்கிறார்கள். அசிங்கமும் மலைபோலக் குவியும். அங்கே பேர்பாங்க்ஸ் வட்டாரத்து மண்வளப் பாதுகாப்பு அமைப்பு, நாய் வளர்ப்பவர்களோடு சேர்ந்து 1991-ல் இதைச் சோதித்தது. 2005-ல் அமெரிக்க விவசாய இலாகா அதைச் சிறு புத்தகமாகவே போட்டது.

முறை இதுதான்: இரண்டு மண்வெட்டி அசிங்கத்துக்கு ஒரு மண்வெட்டி மரத்தூள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம். குவியல் இரண்டு, மூன்று அடி உயரம். நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய உள்ளே அடுப்பு போலச் சூடேறும். 63 டிகிரி செல்சியஸ் சூடு சில நாட்கள் நிற்க வேண்டும். சூடு இறங்கினால் கிளறி, வெளியே இருப்பதை உள்ளே தள்ள வேண்டும். நாலு முதல் எட்டு வாரத்தில் உரம் தயார். அப்படியும் அதைச் சாப்பிடுகிற பயிருக்குப் போடக்கூடாது என்பதுதான் அங்கே கட்டளை.

நம்ம வீட்டில் நடக்குமா?

இங்கேதான் இடிக்கிறது. ஒரு நாய் ஒரு நாளைக்குப் போடுவது சுமார் 300 கிராம். மாதம் முழுக்கச் சேர்த்தாலும் பத்து கிலோவுக்குள்தான். ஒரு பக்கெட் சமாச்சாரம்! இதில் எங்கே சூடு ஏறும்?

"நம்ம ஊரு வெயிலே போதாதா?" என்று கேட்கலாம். போதாது. கத்திரி வெயிலே 40 டிகிரியைத் தாண்டத் திணறுகிறது. வேண்டியதோ குவியலின் நடுவயிற்றில் 63. சூடேறாத குவியலும் ஆறு மாதத்தில் கருப்பாக, மண் வாசனையோடு, உரம் போலவே இருக்கும். உள்ளே முட்டைகள் உயிரோடு இருக்கும். ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே ஒற்றை நாய் வீட்டில் இதை உரத்தொழிலாக நினைக்காமல், அசிங்கத்தை ஒழிக்கும் வழியாக நினைப்பதே புத்திசாலித்தனம். அடியை அறுத்த டிரம் ஒன்றைக் கொல்லையில் புதைத்து மூடி போடலாம். அன்றன்று அள்ளிப் போட்டு, மேலே மரவாடியில் கிடைக்கும் மரத்தூளையோ காய்ந்த சருகையோ தாராளமாகத் தூவினால் நாற்றமும் ஈயும் அடங்கும். நிறைந்ததும் மண்ணைப் போட்டு மூடி, அந்த இடத்தைத் தோண்டாமல் விட்டுவிட வேண்டும். மேலே குரோட்டன்ஸ் வைக்கலாம். கீரை, தக்காளி, கொத்தமல்லி கூடவே கூடாது. சாமிக்குப் பறிக்கிற பூச்செடியும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள்! அதற்கென்று வைத்த மண்வெட்டியைத் தோட்ட வேலைக்கு எடுக்கக்கூடாது.

இடம் முக்கியம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. பல வீடுகளில் அந்தக் குழி கொல்லையில்தான் இருக்கிறது. அதன் பக்கத்திலோ, கிணறு, போர் பக்கத்திலோ நாய்க்குழி வெட்டினால், அடுத்த மழையில் அத்தனையும் குடத்துத் தண்ணீருக்கு வந்து சேரும். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடங்களில் குழியே வேண்டாம். அவர்களும், கொல்லையே இல்லாத பிளாட்வாசிகளும் பையை விட்டுவிட்டு, அசிங்கத்தை மட்டும் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நாய்க்குப் பூச்சி மருந்து! உருளைப்புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகிறது. எனவே குட்டி பிறந்து இரண்டு வாரத்தில் மருந்தை ஆரம்பித்து, மூன்று மாதம் ஆகும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எடை பார்த்து அளவு சொல்ல வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது.